பூலாம்பட்டிக் கம்மாயும் நான் விரட்டிய எருமைகளும்

19-11-1969, புதன்

மீன் குஞ்சு வந்துவிட்டது. பஞ்சாயத்து யூனியன் ஜீப்பில் ஆறு அலுமினியக் குடங்கள். திருச்சுழியிலிருந்து வருகிற மண்ரோட்டில் குடம் தளும்பித் தளும்பி, இறங்கும்போது என் சேலை முழுக்க மீன் வாடை. பாளையம்பட்டியில் எங்கள் நெசவுக்கார வீட்டுப் படியில் மீன் ஏறியதே இல்லை. அம்மா பார்த்திருந்தால் எங்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்திலேயே ஒரு அர்ச்சனை நடத்தியிருப்பாள்.

பூலாம்பட்டிச் சின்னக் கம்மாயில் விட்டோம். ஐயாயிரம் குஞ்சு, ஒவ்வொன்றும் தையல் ஊசி நீளம். மாதர் சங்கத்தில் இருபத்திரண்டு பேர். கரையில் வந்து நின்றது பதினாலு. நான் தலை எண்ணாமல் இருப்பேனா? ஊட்டச்சத்துத் திட்டத்தில் மீன் வளர்க்கிறோம் என்று இந்த ஒன்றியத்தில் முதலில் கை தூக்கிய சங்கம் எங்களுடையதுதான். கிராம சேவிகா சௌடேஸ்வரியின் சங்கம். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், இது என் நோட்டு.

பஞ்சாயத்துத் தலைவர் பூமிநாதன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். கம்மாயின் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கிற உரிமையை, வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். காரியாபட்டி ராமசுப்பு எடுப்பார். அவருடைய ஆட்கள் வலை போட்டு வாரி மதுரைக்கு லோடு ஏற்றுவார்கள்; ஊர்ப் பெண்களுக்குச் செதில் வாசம் மட்டும் மிஞ்சும். இந்த ஒரு வருஷம் மட்டும் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். வைகாசியில் தண்ணீர் வற்றும்போது நல்ல மீன் காட்டினால் அடுத்த ஐந்து வருஷமும் சங்கத்துக்கே. காட்டாவிட்டால் ஐந்து வருஷம் ராமசுப்புவுக்கு.

"நான் பேச்சு மாற மாட்டேன் சேவிகாம்மா. நீங்களும் மாறக்கூடாது" என்றார்.

மாறுகிற ஆளா நான்?

23-11-1969

இன்று தங்கத்தாயுடன் சண்டை.

காலையில் கம்மாய்க்குப் போனால், அவளுடைய ஏழு எருமைகளும் கழுத்தளவு தண்ணீரில். தண்ணீர் ஒரே கலங்கல். அதிலேயே சாணி, அதிலேயே மூத்திரம். எங்கள் வீட்டில் நூல் நனைக்கிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். கொஞ்சம் கலங்கல் என்றாலும் அப்பா தொட்டியோடு கவிழ்த்துவிடுவார். அந்த வீட்டில் பிறந்து, இங்கே வந்து இரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் "தண்ணியக் காய்ச்சிக் குடிங்க, ஊருணிக்கு பிளீச்சிங் பவுடர் போடுங்க" என்று தொண்டை கிழிய நின்றவள் நான். குடிக்கிறது ஊருணித் தண்ணீர், சரி, இது கம்மாய்தான். ஆனால் மீனும் உயிர்தானே? பச்சைக் குழந்தை மாதிரி விட்டிருக்கிறோம், அதன் மேல் சாணியா?

இனிமேல் மாடும் ஆடும் கம்மாயில் இறங்கக் கூடாது, கிழக்கே தண்ணீர் நிற்கிற பழைய மண்கிடங்கு இருக்கிறது, அங்கே ஓட்டிக்கொள் என்றேன்.

"எரும தண்ணில எறங்காம எங்க எறங்கும்? ஒங்க வீட்டு முத்தத்துலயா?"

தங்கத்தாய் எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். பால் ஊற்றிப் பிழைக்கிறாள். வாய் எப்போதும் அப்படித்தான். நானும் விடவில்லை. சங்கத்து முடிவு, சங்கத்தில் நீயும் ஒருத்தி என்றேன்.

"அப்ப எம்பேர வெட்டிருங்க."

வெட்டிவிட்டேன். அவள் கண்ணெதிரிலேயே, சிவப்பு மையில்.

30-11-1969

முள்வேலி முடிந்தது. கம்மாயைச் சுற்றி எருமை இறங்குகிற மூன்று துறையிலும் உடைமுள் அடைத்தாயிற்று.

17-12-1969

விரிவாக்க அலுவலர் வந்தார். கரையில் நின்று பார்த்தார். தண்ணீருக்குள் அடிமண் தெரிகிறது. "இப்படி ஒரு கம்மாயை நான் பார்த்ததில்லை" என்றார். பதிவேட்டில் "மிகவும் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மிகவும் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது. இங்கேயும் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

15-1-1970

மாட்டுப் பொங்கல். தங்கத்தாய் ஏழு எருமைக்கும் கொம்பில் வண்ணம் பூசி என் வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. ஊரில் வேறு தெருவே இல்லையாம்.

8-2-1970, ஞாயிறு

சோதனை வலை போட்டோம். எழுதவே கை வரவில்லை.

பன்னிரண்டு வாரம் ஆகிறது. வலையில் வந்ததெல்லாம் ஆள்காட்டி விரல் நீளம். தலை மட்டும் பெரிது, உடம்பு ஈர்க்குச்சி. பூமிநாதன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் விட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

ராமசுப்புவும் வந்திருந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ. "ஏம்மா, இது மீனா, இல்ல மீனோட நெழலா?" என்றார். ஆம்பிளைகள் எல்லாரும் சிரித்தார்கள். என் சங்கத்துப் பெண்களிலும் இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடினார்கள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

நான் என்ன தப்புப் பண்ணேன்? சுத்தமாத்தானே வச்சிருந்தேன்? ஒரு தூசி விழ விடலையே. கொக்கு வந்தாக்கூட கல்ல எடுத்தேனே. பின்ன எதுக்கு இப்படி—

13-2-1970

தவிடு போட்டுப் பார்க்கிறோம். அவ்வளவு தண்ணீருக்கு நாலு கூடைத் தவிடு எந்த மூலைக்கு?

19-2-1970, வியாழன்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

மத்தியானம் சங்கத்து சண்முகவடிவு வந்தாள். வந்ததிலிருந்து முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: மீன் விட்ட அன்று கூட்டத்தில் நின்ற தங்கத்தாய் ஒரு சொம்புக் குஞ்சை அள்ளிக்கொண்டு போய் அவள் தொழுவத்துக் கிடங்கில் விட்டிருக்கிறாளாம். மூன்று மாதமாக ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

செருப்பு கூடப் போடாமல் போனேன். கிழக்கே, வீடு கட்ட மண் வெட்டிய பழைய கிடங்கு அது. நான் கம்மாயை அடைத்த பிறகு எருமைகளுக்கு அதுதான் கதி. ஏழும் உள்ளே கிடந்தன. தண்ணீர் கீரையை அரைத்துக் கலக்கிய மாதிரி இருந்தது.

அரசாங்க மீனை எடுத்தது களவு என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் பால் கறந்துகொண்டே கேட்டாள். மடியை விட்டுக் கை எடுக்கவில்லை.

"ஆமா, எடுத்தேன். ஒங்க மீனுல ஒரு சொம்பு நான் எடுத்தேன். ஒங்க மீனுல ஒரு சொம்பு நான் எடுத்தேன். சரியாப் போச்சு."

மீனைத் திருப்பிக் கொடு என்றேன். எழுந்து, கஞ்சி வடிக்கிற கூடையை எடுத்துக்கொண்டு கிடங்கில் இறங்கினாள். எருமைகளுக்கு நடுவே குனிந்து அள்ளினாள். கூடையைக் கரையில் கவிழ்த்தாள்.

நாலு மீன். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல். உருண்டு திரண்டு, வாலால் என் காலில் அடித்தது.

அதே குடம். அதே நாள். அதே குஞ்சு.

அந்தச் சகதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்ன போட்டீங்க இதுக்கு?" என்று கேட்டேன். அதுவரை 'நீ, வா, போ' என்று பேசியவள் எப்போது 'நீங்க'வுக்கு மாறினேன் என்று தெரியவில்லை.

"நான் என்னத்தப் போட்டேன்? எரும போட்டுச்சு."

20-2-1970

காலையில் முதல் வேலையாக இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து வெயிலில் வைத்தேன். ஒன்று என் கம்மாய், ஒன்று தங்கத்தாயின் கிடங்கு.

கம்மாய் டம்ளரில் தண்ணீர் மட்டும் இருந்தது. கிடங்கு டம்ளரில் பச்சை. அந்தப் பச்சைக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற பூச்சிகள். உப்புத் தூள் அளவு. நூறா, ஆயிரமா, எண்ணி மாளவில்லை.

மீன்வளத் துறையில் கொடுத்த சிறு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். குஞ்சோடு சேர்த்துக் கொடுத்தது. கம்மாய் சுத்தமாயிருக்க வேண்டும் என்று எனக்கே தெரியும்போது புத்தகம் எதற்கு என்று மூன்று மாதமாகப் பெட்டியில் கிடந்தது. அதில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. சாணியில் உள்ள சத்து தண்ணீரில் கரைகிறது. அந்தச் சத்தையும் வெயிலையும் சாப்பிட்டுப் பாசி உண்டாகிறது. பாசியைப் பூச்சி தின்கிறது. பூச்சியையும் பாசியையும் மீன் தின்கிறது. ராமசுப்பு காலத்தில் தானாக மீன் விளைந்ததும் இதனால்தான். அப்போது எருமையை யாரும் தடுக்கவில்லை.

நான் சுத்தம் என்று காத்தது பட்டினியை. ஐயாயிரம் உயிரைப் பட்டினி போட்டு, அதற்குப் பதிவேட்டில் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தங்கத்தாயின் எருமை சோளத்தட்டை தின்கிறது, பருத்திக்கொட்டை தின்கிறது, தரிசெல்லாம் சுற்றிப் புல் மேய்கிறது. இந்த ஊர்க் காட்டில் எங்கெங்கோ கிடக்கிற சத்தையெல்லாம் வயிற்றில் சுமந்து வந்து ஒரே இடத்தில் கொட்டுகிறது. ஏழு வண்டி வைத்தாலும் அப்படிப் பொறுக்கிச் சேர்க்க முடியாது. அந்த ஏழு வண்டியைத்தான் நான் கம்பெடுத்து விரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். சொல்ல வேண்டும். சொல்வேனா?

22-2-1970

சொல்லிவிட்டேன்.

எழுந்து நின்று, "தப்பு என்னுது, வேலியை எடுத்துருவோம்" என்று சொல்ல அரை நிமிஷம் கூட ஆகாது. அதற்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கூட்டம் முடிந்து தங்கத்தாய் வீட்டுக்குப் போனேன். பேரைத் திரும்ப எழுதிவிட்டேன், வேலியைப் பிடுங்க வாருங்கள் என்றேன்.

"போட்டவுகளே பிடுங்கட்டும்" என்று உள்ளே போய்விட்டாள்.

ரோஷம் எனக்கு மட்டும்தான் உண்டா என்ன. நானும் சண்முகவடிவும் போனோம். உடைமுள் கையைக் கிழித்தது. முதல் துறை முடிந்து இரண்டாவதில் கை வைத்தபோது பின்னால் எருமை மூச்சு விடுகிற சத்தம். தங்கத்தாய் அரிவாளோடு நின்றாள்.

"தள்ளுங்க. முள்ளு எடுக்குற லெச்சணத்தப் பாரு" என்றாள்.

சாயங்காலம் ஏழும் தண்ணீரில் இறங்கின. என் கம்மாய் கலங்கியது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் என் அப்பா நம்ப மாட்டார்.

15-3-1970

தண்ணீருக்குள் கை விட்டுப் பார்க்கிறேன், தினமும். முன்பு முழங்கை வரை விட்டால் விரல் நகம் தெரிந்தது. இன்று முழங்கைக்கு நாலு விரல் முன்னாலேயே கை மறைந்துவிட்டது.

மேற்கே இருந்து இரண்டு ஆட்டு மந்தைகளும் தண்ணீருக்கு வருகின்றன. எவ்வளவு பேர் வந்தாலும் வாருங்கள்.

வெயில் கொளுத்துகிறது. இந்தத் திருச்சுழிச் சீமைக்கு மாற்றலாகி வந்தபோது, வெயிலைத் தவிர இங்கே என்ன விளையும் என்று அழுதிருக்கிறேன். இப்போது பத்து மணி வெயில் கம்மாயின் மேல் விழும்போது எனக்கு அது வீணாகிறதாகத் தோன்றவில்லை. விழட்டும், நன்றாக விழட்டும்.

29-3-1970

வலையில் முக்கால் சாண் மீன்! ஐந்து வாரத்தில்! பூமிநாதனை ஆள் விட்டு அழைத்துக் காட்டினேன். "ம்" என்றார். அவர் 'ம்' என்றால் அது பெரிய விஷயம்.

3-4-1970

ஏழு எருமைக்கே இப்படி என்றால் எழுபதுக்கு எப்படி இருக்கும்? ஊரிலுள்ள குப்பைக்குழிகளிலிருந்து பத்து வண்டிச் சாணி அடித்துக் கம்மாயில் தள்ளச் சொல்லிவிட்டேன். தங்கத்தாய் தடுத்தாள்.

"அளவாப் போடுங்க சேவிகாம்மா. பசிச்ச புள்ளைக்குப் பானையோடயா ஊட்டுவாக?"

உங்களுக்கு எருமையைத் தெரியும், எனக்குக் கணக்குத் தெரியும் என்றேன். அவள் எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

9-4-1970

சாமி காப்பாற்றியது. இல்லை, தங்கத்தாய் காப்பாற்றினாள்.

விடியும் முன்னே கதவைத் தட்டினார்கள். ஓடினேன். கம்மாய் முழுக்க வாய். வேறெப்படி எழுதுவது? அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் கறுத்து, மக்கல் நாற்றம். சில மல்லாந்து மிதந்தன. "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு கத்துனேனாம், எனக்கு நெனவில்லை.

தங்கத்தாய் எருமைகளை ஒரே ஓட்டாக ஓட்டிவந்து தண்ணீரில் விட்டாள். கரையில் நின்ற பெண்களைப் பார்த்து, "என்னத்த வேடிக்க பாக்குறீக? எறங்குங்கடி! தண்ணியப் போட்டு அடிங்க!" என்று ஒரு கத்தல். சுளகு, குடம், கை, கிடைத்ததையெல்லாம் வைத்து அடித்தோம். நானும்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில், எருமைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வெயில் ஒரு பனை உயரம் ஏறிய பிறகுதான் மீன் கீழே போனது.

செத்தது அறுபத்தொன்று. "இப்பத்தான் செத்துச்சு, மீனு மேல என்ன குத்தம்?" என்று பெண்கள் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

கரையில் உட்கார்ந்து, ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? எங்கெடங்குலயும் ஒருநா இப்படி வாயத் தொறந்துச்சு. எரும எறங்கிக் கலக்குனதும் சரியாப் போச்சு" என்றாள். பானையோடு ஊட்டாதே என்று சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

புத்தகத்தில் இதுவும் இருக்கிறது. பத்தாம் பக்கம். சாணி மக்கும்போது தண்ணீரில் உள்ள காற்றைக் குடித்துவிடுகிறது. பகலில் வெயில் பட்டால் பாசி காற்றைத் திருப்பித் தருகிறது. விடிகாலையில்தான் பற்றாக்குறை. நான் ஒன்பதாம் பக்கத்தோடு மூடிவிட்டிருந்தேன்.

10-4-1970

எருமையும் ஆடும் போடுவது போதும். கூடையால் ஒன்றும் கொட்டுவதில்லை. முடிவு செய்வது தங்கத்தாய். எழுதிக்கொள்வது நான்.

24-5-1970, ஞாயிறு

தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அருப்புக்கோட்டைப் பருத்திக் கடையிலிருந்து பெரிய தராசு வந்தது. முதல் வலை கரையேறியபோது பிள்ளைகள் சுற்றி மொய்த்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

பெரியது அரைக் கிலோவைத் தாண்டியது. அப்படி எத்தனை! கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் முதல் பங்கு, பிறகு பால்வாடிப் பிள்ளைகள், பிறகு வீட்டுக்கு வீடு. ஊரே மீன் குழம்பு மணக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பார்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக மூக்கைப் பொத்தியதில்லை.

31-5-1970, ஞாயிறு

சாவடியில் பஞ்சாயத்துக் கூட்டம். ராமசுப்பு இரண்டு ஆட்களோடு வந்திருந்தார். "ஒரு வருசம் ஏதோ குருட்டாம்போக்குல வெளஞ்சிருச்சு. மழ பேஞ்சா மீனு தானா வளரும். இதுல பொம்பளையாளுக செஞ்சது என்ன?" என்றார். சிலர் தலையாட்டினார்கள். பூமிநாதன் தாடையைத் தடவினார். அடுத்த வருஷமும் விளையும் என்று எப்படி நம்புவது, எப்படி வளர்த்தீர்கள் என்று சொல்லுங்கள் என்றார்.

ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். பெண்கள் வரிசையில், கடைசியில், பால் சொம்போடு தங்கத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"தங்கத்தாயக்கா சொல்லுவாக" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பூமிநாதனைப் பார்க்கவில்லை. ராமசுப்புவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வெயில் அடிக்குது. புல்லு மொளைக்குது. புல்ல எங்க எரும திங்குது. எரும சாணி போடுது. அந்தச் சாணில தண்ணி பச்சையாவுது. பச்சையப் பூச்சி திங்குது. பூச்சிய மீனு திங்குது. மீன எம்புள்ள திங்குது." சொம்பைக் கீழே வைத்தாள். "இதுல நீங்க எங்கய்யா வாரீக?"

சாவடி கிடுகிடுத்தது. அத்தனை சிரிப்பு. ராமசுப்புவோடு வந்த ஆளே சிரித்தான். பூமிநாதன் சிரிக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தை எடுத்து, ஐந்து வருஷம், மாதர் சங்கம் என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

4-6-1970

யூனியனுக்கு அறிக்கை. முதல் வரி: "தொடக்கத்தில் மூன்று மாதம் கால்நடைகளைத் தடுத்தது என் தவறு." அலுவலர் அதை அடித்துவிடலாமே என்றார். வேண்டாம் என்றேன்.

12-11-1970, வியாழன்

நல்ல மழை. கம்மாய் முக்கால் நிறைந்திருக்கிறது.

மூன்று ஊர் மாதர் சங்கத்திலிருந்து மீன் வளர்ப்பைப் பார்க்க வருவதாக யூனியனிலிருந்து சேதி. காலையிலேயே குளித்து, அருப்புக்கோட்டைச் சேலையைக் கட்டி, அறிக்கையின் நகலையும் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். பத்தரை பஸ்ஸில் ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்த அம்மாள் நேராக என்னிடம் வந்தாள். நான் கும்பிடக் கையைத் தூக்கினேன்.

"ஏத்தா, இங்க தங்கத்தாய் வீடு எது?"

தூக்கிய கையை அப்படியே நீட்டிக் கிழக்கே காட்டினேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. "வாங்க, எங்க தங்கத்தாயக்கா வீடுதானே, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அவர்களுக்கு முன்னால் நடந்தேன்.